பல பிராணிகள் வளரும் வீட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியே கவனிப்பது எப்படி?

வீட்டில் இரண்டு நாய், ஒரு பூனை, கூண்டில் இரண்டு ஜோடி லவ் பேர்ட்ஸ் என்று பிராணிகளின் எண்ணிக்கை கூடிவிட்டால், வாய்விட்டுக் கேட்கிற பிராணிக்கே எல்லாம் போய்ச் சேரும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் பாய்ந்து வந்து மேலே தாவுகிற நாய் தடவலையும் பெற்றுக்கொள்ளும், பிஸ்கட்டையும் பெற்றுக்கொள்ளும். பீரோவின் மேல் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் பூனைக்கோ, தட்டில் சோறு விழுவதோடு அன்றைய உறவு முடிந்துவிடும். இதில் யார் மனத்திலும் ஓரவஞ்சனை இல்லை. வேலை முடிந்து களைத்து வருகிறவர் எதிரே வந்து நிற்பதைத்தான் முதலில் பார்ப்பார். ஆனால் நாள் போகப் போக, கேட்கத் தெரிந்த பிராணி மேலும் மேலும் ஆர்ப்பாட்டம் செய்யக் கற்றுக்கொள்கிறது. கேட்காத பிராணி ஒதுங்கி ஒதுங்கி, நோய் வந்தால்கூடத் தெரியாத அளவுக்குக் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஆகவே, கேட்காத பிராணியிடம் நாமே போக வேண்டும். தினமும் போக வேண்டும். மற்றவை அருகில் இல்லாத நேரத்தில், அந்தப் பிராணிக்குப் பிடித்த விதத்தில் அதனுடன் இருக்க வேண்டும். இதை ஒரு சிறிய வீட்டில், வேலைக்குப் போகிறவர்கள் எப்படிச் செய்யலாம் என்பதை இனிப் பார்ப்போம்.

மதுரை வட்டாரத்து மக்களுக்கு இந்த வித்தை புதிதன்று. அலங்காநல்லூர், பாலமேடு பக்கத்தில் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் வீடுகளைப் பாருங்கள். தை மாதத்துக்குச் சில மாதங்கள் முன்பிருந்தே காளைக்குத் தனி நேரம் ஒதுக்கிவிடுவார்கள். அதிகாலையில் நடை, கண்மாயிலோ கிணற்றிலோ நீச்சல், மண்ணைக் குத்திப் பழகுவதற்குத் தனி மேடு, பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் எவ்வளவு என்ற கணக்கு, எந்தக் குரலுக்கு அடங்கும், யார் கிட்டே வந்தால் சீறும் என்ற அறிவு, எல்லாம் அந்த வீட்டில் சிறுபிள்ளைக்குக்கூடத் தெரியும். அதே வீட்டுக் கொல்லையில் பகல் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாயைப் பற்றியோ, வைக்கோற்படப்பில் குட்டி போட்டிருக்கும் பூனையைப் பற்றியோ கேட்டால், "அது பாட்டுக்குக் கெடக்கு" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். காளைக்குக் கொடுக்கிற கவனத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், அந்த நாயின் வாழ்க்கை மாறிவிடும். புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. தெரிந்த பழக்கத்தை மற்றப் பிராணிகளுக்கும் கொண்டுபோனால் போதும்.

முதல் வாரம் பார்ப்பதற்கு மட்டும்

எதையும் மாற்றுவதற்கு முன்பாக ஒரு வாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எவ்வளவு சாப்பிட்டது, தண்ணீர் வழக்கம்போல் குடித்ததா, சிறுநீரும் மலமும் எப்படி இருந்தன, எங்கே படுக்கிறது, யாரைக் கண்டால் விலகிப் போகிறது, எந்த வேளையில் துறுதுறுவென்று இருக்கிறது என்பவற்றை ஓரிரு வரியில் எழுதினால் போதும். ஒரே ஒரு நாய் இருக்கும் வீட்டில் இந்த நோட்டு தேவைப்படாமல் போகலாம். பல பிராணிகள் உள்ள வீட்டில் இது இல்லாமல் முடியாது. காரணம் எளிது: காலையில் கூடத்தில் வாந்தி கிடந்தால் அது யாருடையது என்று தெரியாது, தட்டுகள் எல்லாம் காலியாக இருந்தால், மூன்றும் சாப்பிட்டனவா, ஒன்றே மூன்றையும் சாப்பிட்டதா என்று தெரியாது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வேலையில் அவர்களே சிறந்தவர்கள். பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் அப்பத்தா, "ஏய்யா, கருப்பன் ரெண்டு நாளாச் சோத்த மோந்து பாத்துட்டுப் போயிர்றான், என்னன்னு பாரு" என்று சொல்லும் ஒரு வரி, மருத்துவரிடம் நாம் கொண்டுபோகக்கூடிய தகவல்களில் மிக மதிப்புள்ளது. எத்தனை நாளாக, எந்த அளவில், எந்தப் பிராணி என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

பூனையின் பக்கத்தைச் சற்றுக் கூடுதலாகவே நிரப்ப வேண்டும். வலியை மறைப்பது பூனையின் இயல்பு. பிற பிராணிகள் உள்ள வீட்டில் அது இன்னும் ஆழமாக மறைத்துக்கொள்ளும். பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலே விசாரிக்க வேண்டும். இரண்டு, மூன்று நாள் பட்டினி கிடந்தால், குறிப்பாகப் பருத்த பூனையாக இருந்தால், அதன் ஈரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்து வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர்ப்பாதை அடைபட்டிருந்தால் ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடும். முயல் அரை நாள் எதையும் கொறிக்காமல் இருந்தால் அதுவும் அவசரமே; அதன் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டிய அமைப்பு.

நோட்டோடு ஒரு எடை இயந்திரமும் இருந்தால் நல்லது. பிராணியைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு தனியாக ஏறி நின்று, கழித்துப் பார்த்தால் எடை கிடைத்துவிடும். நாய்க்கு மாதம் ஒரு முறையும், பூனைக்கும் முயலுக்கும் வாரம் ஒரு முறையும் பார்க்கலாம். மூன்றரைக் கிலோ பூனையில் கால் கிலோ குறைவது கண்ணுக்குத் தெரியாது, எண்ணில் தெரிந்துவிடும். சிறிய பிராணிகளுக்குச் சமையலறைத் தராசு இன்னும் துல்லியமாகக் காட்டும்.

தட்டுகளைப் பிரிப்பது

ஒரே ஒரு மாற்றம் மட்டும்தான் செய்ய முடியும் என்றால், உணவு வைக்கும் இடத்தைப் பிரியுங்கள் என்பேன். பாதிச் சண்டைகள் அதோடு ஓய்ந்துவிடும், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதும் தெளிவாகிவிடும்.

செல்லூரிலோ வில்லாபுரத்திலோ ஒட்டு வீடுகளில் இடம் குறைவு என்பது உண்மைதான். ஆயினும் இடத்தைத் தரையில் மட்டும் தேட வேண்டியதில்லை. பூனையின் தட்டை வாஷிங் மெஷின் மேலோ, நாய் எட்டாத ஜன்னல் திட்டிலோ வைக்கலாம். ஒரு நாய்க்கு வாசற்பக்கம், மற்ற நாய்க்குப் பின்கட்டு, நடுவே ஒரு கதவு என்றால் போதுமானது. கதவு இல்லாத வீட்டில், ஒன்றை ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டி, இரண்டும் ஒன்றையொன்று பார்க்காதபடி திருப்பி உட்காரவைத்துக் கொடுக்கலாம். பதினைந்து நிமிடம் கழித்துத் தட்டுகளை எடுத்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். காலித் தட்டை அங்கேயே போட்டுவைத்தால் அதை மோந்து பார்க்க வருகிற இன்னொன்றோடு உரசல் வரும்.

தட்டைக் காப்பதற்காக நாய் சண்டைக்குப் போவதற்கு முன் பல அறிகுறிகளைக் காட்டும். தலையைத் தூக்காமல் உடம்பு மட்டும் விறைக்கும், வழக்கத்தைவிட அவசரமாக விழுங்கும், முகத்தைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் பக்கவாட்டில் ஓட்டுவதால் வெள்ளை விழி தெரியும், பிறகுதான் உறுமும். உறுமியதற்காக அடிக்கக் கூடாது. அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிட்டு நேராகக் கடிக்கப் பழகிக்கொள்ளும். தூரத்தை அதிகப்படுத்துவதுதான் சரியான பதில். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த அறிகுறிகளைக் குழந்தைகளுக்கும் சொல்லித் தர வேண்டும்.

ஒரே பானையிலிருந்து எல்லாவற்றுக்கும் போடுவது நம் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. தயிர்ச் சோற்றில் நாய் ஓரளவு காலம் தள்ளும், பூனையால் முடியாது. பூனை இறைச்சி உண்ணும் பிராணி. டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும். நாய்க்கான உணவையே பூனைக்கும் தொடர்ந்து வைப்பது இந்தக் காரணத்தால்தான் தவறு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பால் வைத்த மறுநாள் வயிற்றுப்போக்கு என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இரவு பரோட்டா வாங்கிய வீட்டில் மிஞ்சிய சால்னாவைச் சோற்றில் பிசைந்து வைப்பது அன்பினால் செய்வது என்று தெரியும். ஆனால் வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கக்கூடியவை. பூனையை அது இன்னும் கடுமையாகத் தாக்கும். வெந்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவையும் நாய்க்கு ஆகாது. உப்பும் மசாலாவும் சேர்க்கும் முன்பே கறியில் கொஞ்சம் தனியாக வேகவைத்து எடுத்துவைப்பது பெரிய வேலையன்று.

ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி நேரம்

தினமும் ஒரு பிராணிக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம், கையில் செல்போன் இல்லாமல், மற்றவை இல்லாத இடத்தில் செலவிட முடிந்தால் அது நிறைவான கவனிப்பு. வார இறுதியில் இரண்டு மணி நேரம் சேர்த்துக் கொடுப்பதைவிட இது மேலானது. ஏனென்றால், நேரம் தவறாமல் நடப்பதைப் பிராணி எதிர்பார்க்கப் பழகுகிறது, எதிர்பார்க்கத் தெரிந்த பிராணி நாள் முழுவதும் நச்சரிக்காது. என்ன செய்ய வேண்டும் என்பது பிராணிக்குப் பிராணி வேறுபடும்.

நாய்க்குத் தனி நேரம் என்றால் தனி நடை. இரண்டு நாய்களை ஒன்றாகக் கூட்டிப்போனால் அவை ஒன்றையொன்று கவனிக்கும், நம்மைக் கவனிக்காது. ஒன்று முன்னே இழுக்க, மெதுவாக வருகிற இன்னொன்று இழுபடும். தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால் ஒரு கயிற்றைச் சமாளிப்பது இரண்டைச் சமாளிப்பதைவிட எளிது. தினமும் இரண்டு தனி நடை முடியாதென்றால், ஒரு நாள் ஒன்றை, மறுநாள் மற்றதை என்று மாற்றிக்கொள்ளலாம். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடப்பவர்களைப் பார்த்தால், பலரும் நாயை விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போவதைக் காணலாம். அது நமக்கு உடற்பயிற்சி; நாய்க்கு அதில் பாதிதான் பயன். நாய் நின்று மோந்து பார்க்க வேண்டும். ஒரு மின்கம்பத்தின் அடியில் அது ஒரு நிமிடம் செலவிட்டால் அந்த ஒரு நிமிடமும் அதன் மூளைக்கு வேலை. சித்திரை, வைகாசி மாதங்களில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அதைத் தாங்காது.

நம் நாட்டு இனங்களுக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. அவற்றுக்கு நடை மட்டும் போதாது, சுற்றுச்சுவர் உள்ள ஏதாவது ஒரு மைதானத்தில் ஓட விட வேண்டும். ராஜபாளையம் நாய் காவலுக்குப் பெயர்பெற்றது. அதற்குத் தனி நேரம் என்பது பெரும்பாலும் நம் அருகில் அமைதியாக உட்கார்ந்திருப்பதும், சொல்லுக்குக் கட்டுப்படும் சிறு பயிற்சிகளுமே. வெண்ணிற ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. கூப்பிட்டால் வராத அந்த நாயைத் திமிர் பிடித்தது என்று பல வீடுகளில் ஒதுக்கிவிடுகிறார்கள். நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காதுகூட அசையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். கேளாத நாய்க்குக் கையசைவால் எல்லாவற்றையும் கற்றுத்தரலாம். அது தூங்கும்போது திடீரென்று தொடாமல், அருகே தரையைக் காலால் தட்டி அதிர்வால் எழுப்ப வேண்டும்.

வயதான நாயை இளம் நாயின் அளவுகோலால் பார்க்கக் கூடாது. மாடிப்படியில் ஏறும்போது முதல் படியிலேயே ஒரு கணம் நின்று, முன்னங்காலை வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்து, பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கி ஏறுகிற நாய்க்கு மூட்டில் வலி இருக்கிறது என்று பொருள். சோம்பலும் அன்று, வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுவதும் சரியன்று. வலிக்கு மருந்து இருக்கிறது. டைல்ஸ் தரையில் அது வழக்கமாக நடக்கும் பாதையில் கோணிச் சாக்கையோ பழைய மிதியடியையோ விரித்தால் கால் வழுக்காது. அதன் பதினைந்து நிமிடத்தில் ஐந்து நிமிடம் மெதுவான நடை, மீதி நேரம் முதுகையும் தொடையையும் வருடிக் கொடுத்தல், அப்படியே உண்ணி, கட்டி, புண் இருக்கிறதா என்று காதிடுக்கிலும் விரலிடுக்கிலும் தடவிப் பார்த்தல். வீட்டில் குட்டி நாய் இருந்தால், அதன் தொல்லையிலிருந்து கிழ நாய் விலகிப் படுக்க ஒரு மூலை கட்டாயம் தேவை.

பூனையை நாம் அழைக்கும் நேரத்துக்கு வர வைக்க முடியாது. அதற்குப் பிடித்த நேரத்துக்கு நாம் போக வேண்டும். விடியலும் அந்தியும் பூனை துடிப்பாக இருக்கும் வேளைகள். ஈர்க்குச்சியின் நுனியில் ஒரு நூலைக் கட்டி, நூலின் முனையில் கசக்கிய காகிதத்தைக் கட்டித் தரையில் இழுத்தால் போதும், கடையில் விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டியதில்லை. பதுங்கி, பாய்ந்து, பிடித்து முடித்தபின் கொஞ்சம் உணவு கொடுத்து முடிப்பது அதன் இயல்புக்கு ஏற்றது. விளையாடி முடிந்ததும் நூலைக் கட்டாயம் எடுத்து வைத்துவிட வேண்டும். விழுங்கிவிட்டால் குடலில் சிக்கிக்கொள்ளும். தடவும்போது கன்னம், தாடை, காதுக்குக் கீழே என்று தடவினால் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். வயிற்றைத் தொட்டால் பிடிக்காது. மூன்று முறை தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். தானே வந்து தலையால் முட்டினால் தொடரலாம். எழுந்து போனால் விட்டுவிட வேண்டும். மடியில் ஏறாத பூனையோடு ஒரே அறையில் பேசாமல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பதும் அந்தப் பூனைக்கு உரிய கவனிப்புதான்.

முயலைத் தூக்குவதைவிடத் தரையில் அதன் உயரத்துக்கு உட்கார்ந்துகொள்வது நல்லது. முயலின் உணவில் பெரும்பங்கு உலர்ந்த புல்லாக இருக்க வேண்டும். முப்பது டிகிரிக்கு மேல் வெயில் ஏறினால் அது தவித்துப்போகும். மதுரையில் ஆண்டில் பல மாதங்கள் அப்படித்தான் என்பதால், தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைப்பதை வேனிற்காலத்தின் அன்றாட வேலையாக்கிக்கொள்ள வேண்டும். லவ் பேர்ட்ஸ் கூண்டின் அருகில் தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசி, கம்பியிடையே ஒரு கொத்தமல்லித் தழையையோ முருங்கைக்கீரையையோ நீட்டினால் சில வாரங்களில் கை பழகிவிடும். ஒட்டாத டெஃப்லான் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவைகளை நிமிடங்களில் கொன்றுவிடும்; கூண்டு சமையலறைப் பக்கம் இருக்கக் கூடாது. பச்சைக்கிளி வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதைக் கூண்டில் வைத்துக்கொண்டு நல்ல கவனிப்பைப் பற்றிப் பேச இடமில்லை.

மற்றவை என்ன செய்யும்?

ஒன்றோடு இருக்கும்போது கதவுக்கு வெளியே இன்னொன்று பிறாண்டுவதும் ஊளையிடுவதும்தான் பலரைக் கைவிட வைக்கிறது. இதைப் படிப்படியாகப் பழக்கலாம். முதலில் ஒரு நிமிடம் மட்டும் கதவைச் சாத்துங்கள்; வெளியே இருப்பதற்குக் கடிக்க, நக்க ஏதாவது கொடுத்துவிட்டுச் சாத்துங்கள். அது அமைதியாக இருக்கும்போதே கதவைத் திறக்க வேண்டும். ஊளையிடும்போது திறந்தால், ஊளையிட்டால் கதவு திறக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்தவர்களாவோம். இப்படியே நிமிடங்களைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

இதோடு, முறை வைத்துக் காத்திருக்கவும் பழக்க வேண்டும். ஒவ்வொரு பிராணிக்கும் ஒலியில் வேறுபட்ட பெயர் இருக்கட்டும். மணி, மாரி என்று ஒத்த ஒலியில் தொடங்கும் பெயர்கள் குழப்பும். முதலில் தனித்தனியே வைத்து, பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி கொடுத்துப் பழக்குங்கள். பிறகு இரண்டு நாய்களையும் எதிரே உட்காரவைத்து, ஒன்றின் பெயரைச் சொல்லி அதற்கு மட்டும் கொடுங்கள். இடத்தை விட்டு எழாமல் காத்திருந்ததற்காக உடனே இரண்டாவதன் பெயரைச் சொல்லி அதற்கும் கொடுங்கள். மற்றதன் பெயர் கேட்டால் அடுத்தது தன் முறை என்று நாய் விரைவிலேயே புரிந்துகொள்ளும். பொறாமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, தனக்கு வருமா வராதா என்ற பதற்றம். முறை உறுதியாகிவிட்டால் அது தணிந்துவிடும்.

தனி இடமும் தனி மருந்தும்

பூனைகளுக்கு மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூலையில் அடுக்கினால், வழியில் படுத்திருக்கும் ஒரு முரட்டுப் பூனை மற்றப் பூனைகளை எதையும் நெருங்கவிடாமல் மறித்துவிடும். தண்ணீர்ப் பாத்திரங்களுக்கும் இதுவே பொருந்தும். நாய் ஏற முடியாத உயரத்தில் பூனைக்கு ஒரு பலகை, முயலுக்கு நாயின் கண் படாத ஒரு மறைவு, கிழ நாய்க்கு ஒரு மூலை என்று ஒவ்வொன்றுக்கும் தப்பிப் போக ஓர் இடம் வேண்டும். அங்கே இருக்கும் பிராணியை யாரும், குழந்தைகள் உட்பட, தொந்தரவு செய்யக் கூடாது.

மருந்தில்தான் ஒரே மாதிரி நடத்துவது உயிரையே பறிக்கிறது. நாய்க்கான சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு. பூனைக்குப் போடாவிட்டாலும், மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்து அதை நக்கினால்கூட வலிப்பு வரலாம். மருந்து காயும்வரை இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும், பூனை உள்ள வீடு என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வேறு மருந்து கேட்பது இன்னும் நல்லது. காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலில் ஒரே மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். பூனை வாயில் அகப்பட்டுத் தப்பிய பறவைக்கு வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூனையின் எச்சிலில் உள்ள கிருமி பறவையின் இரத்தத்தில் பரவிவிடும்.

தடுப்பூசிக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை வேண்டும். நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் கூட்டுத் தடுப்பூசி தொடங்கி, மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை தொடரும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். பூனைக்கும் வெறிநோய் ஊசி அவசியம். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். ஒன்றன் நடுக்கம் இன்னொன்றுக்குத் தொற்றும், மருத்துவரிடம் ஒவ்வொன்றைப் பற்றியும் சொல்ல வேண்டியதும் மறந்துபோகும். ஆடு, மாடும் உள்ள வீட்டுக்காரர்கள் கால்நடை நடமாடும் மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

திருவிழாவும் புதுவரவும்

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களிலும், ஊர்க்கோயில் திருவிழாவில் வேட்டுப் போடும்போதும், தீபாவளி இரவிலும் ஒரே வீட்டுப் பிராணிகள் வெவ்வேறு விதமாக அஞ்சும். ஒன்று குரைத்துக்கொண்டே இருக்கும். ஒன்று கட்டிலடியில் நடுங்கும். ஒன்று கதவு திறந்ததும் ஓடிவிடும். குரைப்பதை எல்லோரும் கவனிப்பார்கள். கட்டிலடியில் இருப்பதைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும், ஆனால் வெளியே இழுக்கக் கூடாது. உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தால் போதும். ஓடும் பழக்கமுள்ளதற்குக் கழுத்துப் பட்டையில் நம் செல்போன் எண்ணை எழுதிக் கட்ட வேண்டும்.

புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதாக இருந்தால், இருப்பவற்றின் நேரத்தில் ஒரு நிமிடமும் குறையாமல் அதற்கும் பதினைந்து நிமிடம் கொடுக்க முடியுமா என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். முடியாது என்றால் கொண்டுவரக் கூடாது. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன். கொண்டுவந்தால், முதல் ஒன்று, இரண்டு வாரம் தனியறை. புதியது படுத்த துணியைப் பழையவற்றிடமும், பழையவை படுத்த துணியைப் புதியதிடமும் போட்டு வாசனையைப் பழக்கி, மூடிய கதவின் இருபுறமும் உணவு வைத்து, அதன் பிறகே முகம் காட்ட வேண்டும். இரண்டு நாய்கள் என்றால் வீட்டுக்குள் அறிமுகப்படுத்தாமல், இரண்டுக்கும் பழக்கமில்லாத ஒரு தெருவில் இருவர் பிடித்துக்கொண்டு இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்திக் கூட்டிப்போவது நல்ல தொடக்கம். சிப்பிப்பாறையோ கன்னியோ இருக்கும் வீட்டில், எவ்வளவு பழகினாலும், ஓடுகிற பூனைக்குட்டியையோ முயலையோ அதனோடு தனியே விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது.

வீட்டார் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடமோ மாமாவிடமோ சாவியைக் கொடுத்துவிட்டு, "எல்லாத்துக்கும் கொஞ்சம் சோறு வச்சிருங்க" என்று சொல்லிப் போவது வழக்கம். அதற்குப் பதிலாக நோட்டின் அந்தந்தப் பக்கத்தைச் சுருக்கி, பிராணிக்கு ஒரு தாளாக எழுதிக் கொடுங்கள். எங்கே வைத்து, எவ்வளவு கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது, எந்த மருந்து எந்த வேளைக்கு, எதோடு எதைச் சேர்த்து விடக் கூடாது, பயந்தால் எங்கே ஒளியும், எத்தனை வேளை சாப்பிடாவிட்டால் உங்களைக் கூப்பிட வேண்டும், எந்த மருத்துவரிடம் போக வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். பூனையின் தாளில், அது கண்ணில் படாவிட்டாலும் தினமும் ஒரு முறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுதிவிடுங்கள்.